பச்சை டேக் கட்டிய பிஸ்கட் டப்பா

அண்ணாச்சி,

உங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பா இன்று காலை என் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணியே நடந்து வந்து கொடுத்திருக்கிறார். "உள்ள வாங்கக்கான்னு ரெண்டு வாட்டி கூப்ட்டேன். கேட்டுக்குள்ளயே வரல. டப்பாவ கைல குடுத்துட்டு அப்படியே திரும்பிட்டாங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறார். அப்படியும் பட்டைத்தூள் வாசனை முழுக்கப் போகவில்லை. வெண்ணெயும் வறுபட்ட ஓட்ஸும் பட்டையும் கலந்த அந்த வாசனை மூடியின் விளிம்பில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. டப்பாவின் கைப்பிடியில் ஒன்று கட்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உங்களுக்கும் எதையும் வரிசையாகச் சொன்னால்தான் பிடிக்கும். ஃபர்னஸில் ஏதாவது கோளாறு என்று நான் பதறி ஓடி வந்தால், "மூச்சு வாங்கும்வே. மொதல்லேருந்து சொல்லும்" என்பீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் ஓசூரில் அவர் அண்ணாச்சிதான். நானும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தேன், பாதி கேலியாக. இருபத்தாறு வருஷத்தில் கேலி எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை. உத்தனப்பள்ளிக்காரனான நான் "என்னாங்கண்ணாச்சி" என்பதும், நீங்கள் "என்னவே" என்பதும், கன்னடமும் தெலுங்கும் பேசுகிற மற்றவர்கள் இரண்டையும் கேட்டுச் சிரிப்பதுமாக ஷிப்ட் ஓடிவிடும்.

நான் ஃபர்னஸ், நீங்கள் இன்ஸ்பெக்‌ஷன். நான் கியர்களைச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே வேண்டிய நேரம் ஊறவிட்டு, எண்ணெயில் முக்கி அனுப்புவேன். நீங்கள் கடினம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சோதித்து டேக் கட்டுவீர்கள். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் மறுவேலை. சிவப்பு என்றால் கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டு. ஒவ்வொரு டேக்கிலும் நாலு கட்டம்: பொருள், காரணம், பொறுப்பு, கையெழுத்து. எழுதினால் எழுதியதுதான், அடித்தல் திருத்தல் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் எழுதியவரே வேறு டேக் எடுத்து, புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியைப் போட்டது கம்பெனி என்றாலும், காப்பாற்றியது நீங்கள் ஒருவர்தான்.

ஒரு மாதக் கடைசியில் மேனேஜரே உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். லாரி காத்திருக்கிறது, மயிரிழை வித்தியாசம்தானே, பச்சை கட்டிவிடுங்கள் என்றார். என்னுடைய லாட் அது. தப்பும் என்னுடையது. ஊறும் நேரத்தில் நான் ஏமாந்துவிட்டேன். நீங்கள் பேனாவை மூடிவைத்துவிட்டு, "பீஸ் தப்பா வரலாம் சார். டேக் தப்பா வரக் கூடாது" என்றீர்கள். லாரி காலியாகப் போனது. நீங்கள் என்னைத் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அதன் பிறகு உங்கள் கையால் பச்சை டேக் வாங்குகிற ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு மாதிரி பெருமையாக இருக்கும். இதை உங்களிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்தப் பெருமைதான்.

ஓவன் என்னுடையதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஊரடங்கில் என் மகள் வாங்கியது. இரண்டு முறை கேக் செய்து பார்த்துவிட்டுக் கல்யாணமாகி பூனாவுக்குப் போய்விட்டாள். உங்களுக்குப் பின்னால் நானும் ரிட்டயர் ஆன மறுவாரம் மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்துப் பார்த்தேன். திருகில் நூற்றெண்பது வைத்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டரைப் போட்டால் நூற்றைம்பத்தைந்து காட்டுகிறது. இருபத்தாறு வருஷம் ஃபர்னஸ் முன்னால் நின்றவனுக்கு இது பொறுக்குமா? திருகின்மேல் மார்க்கர் பேனாவால் உண்மையான சூட்டைக் குறித்தேன். குறித்த பிறகு எதையாவது சுட்டுப் பார்க்க வேண்டுமே. ஓவனோடு வந்த சின்னப் புத்தகத்தில் இருந்ததிலேயே சுலபமானது ஓட்ஸும் உலர் திராட்சையும் போட்ட பிஸ்கட். மகள் அதைக் குக்கீஸ் என்பாள். நமக்கு அது பிஸ்கட்தான்.

முதல் லாட்டைச் சுட்டு உங்களைக் கூப்பிட்டேன். ஒன்றை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினீர்கள். டக்கென்று சத்தம் வந்தது. "ஹார்ட்னஸ் அறுபதுக்குக் கொறையாதுவே. கியர்பாக்ஸ்ல போட்டா ஓடும்" என்றீர்கள். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, "ஓசூர்ல ரிட்டயர் ஆன ஆம்பளைங்க எல்லாம் ரியல் எஸ்டேட் பண்றாங்க. எங்க வீட்டுது பிஸ்கட் பண்ணுது" என்றாள். மூன்று பேரும் அன்று சிரித்த சிரிப்பு இந்த வீட்டில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மறுநாள் நீங்கள் ஒரு டேக் கட்டோடு வந்தீர்கள். கம்பெனியில் படிவம் மாறியபோது தூக்கிப்போட இருந்த பழைய டேக்குகளை அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் வைத்திருந்தீர்கள் அல்லவா? அண்ணி பச்சையில் பாதியைச் சமையலறை டப்பாக்களில் கட்டிவிட்டார். கடுகு, வெந்தயம், தனியா, எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து. சிவப்புக் கட்டு மட்டும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சமையலறையில் சிவப்புக்கு என்ன வேலை?

நான் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். எவ்வளவு ஓட்ஸ், எவ்வளவு கோதுமை மாவு, எவ்வளவு வெண்ணெய், எத்தனை நிமிஷம். நீங்கள் கடித்துப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவீர்கள். முதல் மூன்றும் சிவப்பு. "திராட்சை கருகிருச்சு." "ஓரம் ஒண்ணு, நடு ஒண்ணு." பிறகு மூன்று மஞ்சள். திராட்சையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துடைத்துப் போட்டால் கருகாது என்று கண்டுபிடித்தேன். பதினாலு நிமிஷத்தில் ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் நாலு நிமிஷம் அந்தச் சூட்டிலேயே விட்டால் நடுவும் ஓரமும் ஒன்றாக வரும் என்பதும் பிடிபட்டது. ஏழாவது லாட்டைக் கடித்தீர்கள். இன்னொன்று எடுத்தீர்கள். பிறகு பச்சை டேக்கை உருவினீர்கள். அறுபதை நெருங்கிய வயதில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த டேக்கை வீட்டுக்காரியிடம் இரண்டு முறை காட்டினேன்.

உங்களுக்குச் சர்க்கரை வியாதி முன்பே உண்டு. ஆனால் அந்த வருஷம்தான் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனிப்பு என்று எதுவும் கூடாது என்று. அண்ணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒருநாள் என்னிடம் வந்து, "தம்பி, ஓட்ஸு சுகருக்கு நல்லதுன்னுல்லா சொல்லுதாவ. நீங்க சர்க்கரை போடாம பண்ணித் தாங்க. டீயோட கடிக்க ஏதாச்சும் வேணும்லா அவுகளுக்கு. பாக்கப் பாவமா இருக்கு" என்றார். தலையாட்டினேன். நாட்டுச்சர்க்கரையை முழுக்க எடுத்துவிட்டு, திராட்சையையும் பேருக்கு நாலு போட்டுச் சுட்டேன். நீங்கள் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தீர்கள். சிவப்பு. காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: உமி.

எனக்கு அது உறைத்தது அண்ணாச்சி. சர்க்கரை இல்லாவிட்டால் பிஸ்கட் அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். நானோ நாலு நாள் அந்தச் சிவப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் கெலவரப்பள்ளி அணைக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார் என்று தினமும் என் வண்டியில் போவோமே. அன்று தண்ணீரில் நுரை கட்டிக் காற்றில் பறந்துகொண்டிருந்தது. நீங்கள் நின்றீர்கள்.

"காலையில கேப்பைக் கூழு. மத்தியானம் கையளவு சோறு. ராத்திரி ரெண்டு சப்பாத்தி. என்ன பொழப்புவே இது? அந்த ஏழாம் நம்பரையே பண்ணும். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"வேணாங்கண்ணாச்சி. அண்ணி என்னிய நம்பிக்கினு இருக்காங்க."

"ரெண்டு பிஸ்கட்டு. ரெண்டே ரெண்டு. நாட்டுச்சர்க்கரை என்ன செய்யும்? கரும்புச் சாறுதான? திராட்சை பழம்தான?"

இதை நீங்கள் நம்பிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் நம்பவில்லை. ஆனால் ஊரே அப்படித்தானே பேசிக்கொள்கிறது, வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், நாட்டுச்சர்க்கரை மருந்து என்று. இரண்டு படித்த முட்டாள்கள் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். மறுநாள் ஏழாம் நம்பர் சுட்டேன். உங்கள் வீட்டு டப்பாவில் அடுக்கினேன். நீங்கள் பச்சை டேக் எடுத்தீர்கள். பொருள்: ஓட்ஸ் பிஸ்கட். காரணம் என்ற கட்டத்தில் "சர்க்கரை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, டப்பாவின் கைப்பிடியில் கட்டினீர்கள். மேனேஜருக்கு முன்னால் பேனாவை மூடிய அதே கை. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பொறுப்பு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டீர்கள். நான் பார்த்தேன். கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று இந்த எட்டு மாதமாக யோசிக்கிறேன். உங்கள் மேல் இரக்கம் என்று சொல்லலாம், கொஞ்சம் உண்மையும் கூட. ஆனால் பெரிய உண்மை வேறு. எனக்குப் பச்சை டேக் வேண்டியிருந்தது. நீங்கள் என் பிஸ்கட்டை ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக உங்கள் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டினேன்.

அண்ணியும் ஒருநாள் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். "நல்லா இனிக்கே தம்பி?" என்றார். நீங்கள் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "அது திராட்சையோட இனிப்புங்கண்ணி" என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, டீயோடு அவரே உங்கள் கையில் கொடுப்பார். மூன்றாவது கேட்டால் தர மாட்டார். அவ்வளவு கண்டிப்பு.

பிறகு உங்கள் காலில் அந்தப் புண் வந்து ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த டாக்டரின் தமிழில் பாதி கன்னடம். பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு அண்ணியைப் பிடித்துக்கொண்டார். "சும்னே பொய் சொல்லாதீங்கம்மா. வீட்ல ஸ்வீட் குடுக்காம இவ்ளோ ஏறுமா? நீங்களே அவர கெடுக்கறீங்க."

"இல்ல டாக்டர். சத்தியமா ஒரு பொட்டுச் சர்க்கரை குடுக்கல. ஓட்ஸு பிஸ்கட்டுதான், அதுவும் சர்க்கரை போடாதது. இந்தத் தம்பிதான் பண்ணித் தாராவ. கேட்டுப் பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நீங்கள் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தீர்கள். நான் தரையின் டைல்ஸைப் பார்த்தேன். அதுதான் அண்ணாச்சி, அந்த ஒரு நிமிஷம்தான். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் உங்களுக்கு என்மேல் பத்து நாள் கோபம் இருந்திருக்கும், அண்ணிக்கு ஒரு மாதம் இருந்திருக்கும். எல்லாம் ஆறியிருக்கும். நான் டைல்ஸை எண்ணிக்கொண்டு நின்றேன். வராந்தாவில் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எதுல விட்டேன்னு தெரியலையே தம்பி" என்றார். அன்றிலிருந்து உங்கள் சோற்றை இன்னும் குறைத்தார். ராத்திரிச் சப்பாத்தி இரண்டு ஒன்றானது. பசித்த வயிறோடு நீங்கள் என் பிஸ்கட்டை இன்னும் ஆசையாகத் தின்றீர்கள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஓவனில் சூடேற்றும் காயில் போய்விட்டது என்று சொல்லிச் சுடுவதை நிறுத்தினேன். மூன்று வாரம் ஓட்டினேன். ஒருநாள் கட்டுப்போட்ட காலோடு ஆட்டோ பிடித்து வந்து, ஓவனைத் திருப்பி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தீர்கள். "காயில் நல்லாத்தான் இருக்கு. நீருதான் போயிட்டீரு" என்றீர்கள். நான் கெஞ்சினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "எத்தனை வருசத்துக்குவே? இருக்க மட்டும் ருசியா இருந்துட்டுப் போறேன்" என்றீர்கள். உங்களுக்கு அது ருசி. மிச்சம் இருக்கப்போகிறவர்களுக்கு அது என்னவாகும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் சுட்டேன், நோட்டில் மட்டும் அதைக் குறித்தேன். உங்கள் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. ஆனாலும் பச்சைதான் போட்டீர்கள்.

எட்டு மாதத்துக்கு முன் அந்தக் காலை. எட்டு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, பேப்பரை மடிக்கும்போது நெஞ்சைப் பிடித்திருக்கிறீர்கள். நான் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. ரொம்ப நாள் சர்க்கரை, இதயம் தாங்கவில்லை என்றார்கள். பிஸ்கட்டால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணி ஒன்றையே சொன்னார். "கடைசியா என் கையாலதான் சாப்பிட்டாவ. சர்க்கரை இல்லாத பிஸ்கட்டு. ஒரு நாளு கூட நான் தப்பு பண்ணல. அந்த ஒரு ஆறுதல்தான் எனக்கு." சென்னையிலிருந்து வந்த உங்கள் மகனிடமும் சொன்னார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடமும் சொன்னார். நான் கூடத்தில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை அவர் சொல்லும்போதும் இன்னொரு நாற்காலியை எடுக்கப் போனேன்.

அதோடு ஓவனை மூடிப் போர்த்திவிட்டேன். அந்தப் பொய் உங்களோடு போய்விட்டது, இனி அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, அண்ணியின் ஆறுதலையாவது காப்பாற்றுவோம் என்று இருந்தேன். நன்றாக நடந்தும் வந்தது, போன மாதம் வரைக்கும்.

போன மாதம் அண்ணி போன் செய்தார். "தம்பி, எனக்கும் சுகர் வந்திருச்சாம். நேத்துதான் ரிசல்ட்டு வந்துச்சு. ஒண்ணும் பயமில்ல, அவுகளைப் பாத்துக்கிட்ட பழக்கம் இருக்கு. நீங்க அந்தப் பிஸ்கட்டையே எனக்கும் பண்ணித் தாங்க. அவுகளுக்குப் பண்ணுன மாதிரியே."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. இந்த முறை நிஜமாகவே சர்க்கரை போடாமல் சுட்டுக் கொடுத்துவிடலாம். டேக்கில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே டப்பாவுக்குள் இருக்கும். பொய் தானாகவே உண்மையாகிவிடும். திராட்சையும் போடவில்லை. பட்டைத்தூள் மட்டும் தூக்கலாகப் போட்டேன். டப்பா அவரிடம் இருந்தது. உங்கள் கையெழுத்துப் போட்ட பச்சை டேக் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோன பிஸ்கட்டை அதில் அடுக்கினேன்.

அண்ணி ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். என்னைப் பார்த்தார்.

"இது அது இல்லையே தம்பி."

ஓட்ஸ் வேறு கம்பெனி என்று சொல்லியிருக்கலாம். புது ஓவன் என்று சொல்லியிருக்கலாம். பொய்க்கா பஞ்சம்? வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அண்ணிக்குப் பின்னால் அலமாரியில் கடுகு, வெந்தயம், தனியா என்று உங்கள் எழுத்து வரிசையாகத் தொங்கியது. கடுகு என்று எழுதிய டப்பாவில் கடுகுதான் இருந்தது. இத்தனை வருஷமாக அந்த அம்மா கையை விட்டு எடுப்பது எல்லாமே நீங்கள் எழுதியதை நம்பித்தான்.

"அதுல சர்க்கரை இருந்துச்சுங்கண்ணி" என்றேன். "அண்ணாச்சி கேட்டாரு. நான் போட்டேன். ரெண்டு பேரும் சேந்து உங்கள ஏமாத்திட்டோம்."

அவர் அழவில்லை. கையிலிருந்த மிச்சத் துண்டை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷங்கண்ணி."

"ஆஸ்பத்திரில நான் சத்தியம் பண்ணும்போது நீங்க பக்கத்துல நின்னீய."

"ஆமாங்கண்ணி."

தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு, "என் கையாலல்லா வச்சுக் குடுத்தேன்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "போங்க தம்பி" என்றார். செருப்பை மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டு வந்தேன்.

அது நடந்து பதினோரு நாள். உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அண்ணி கையில் மிச்சமிருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொண்டு வந்தவனுக்கு எப்படி லேசாகும்? உங்கள்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேனேஜரை எதிர்த்து நின்ற மனுஷன், பெண்டாட்டி நம்பிக்கைக்கு ஒரு டேக் உண்மையாக எழுதக்கூடாதா? எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டீர்கள். கூண்டுக்குள் நானும் அண்ணியும் கிடக்கிறோம். இப்படித் திட்டிக்கொண்டே வந்து, நீங்கள் "என்னவே, ரொம்பச் சூடா இருக்கீரு" என்று கேட்க மாட்டீர்களா என்றும் ஏங்குகிறேன். அதற்கென்ன செய்ய?

இப்போது சொல்லிவிடுகிறேன். டப்பாவின் கைப்பிடியில் உங்கள் பச்சை டேக் இல்லை. அண்ணி அதை அவிழ்த்து என்ன செய்தார் என்று தெரியாது. அந்த இடத்தில் சிவப்பு டேக் கட்டியிருக்கிறார். வீட்டில் மிச்சம் கிடந்த அந்தச் சிவப்புக் கட்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அண்ணியின் கையெழுத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. குண்டு குண்டாக, கட்டத்தை விட்டு வெளியே போகாமல் எழுதியிருக்கிறார்.

பொருள்: ஓட்ஸ் பிஸ்கட்.

காரணம்: சர்க்கரை உண்டு.

பொறுப்பு என்ற கட்டத்தில், நீங்கள் காலியாக விட்டீர்களே, அதே கட்டத்தில், மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறார். முதலில் உங்கள் பெயர். அடுத்தது என் பெயர். அதன் கீழே தன் பெயர். கடைசிக் கட்டத்தில் தன் கையெழுத்து.

முதல் இரண்டு பெயர்களும் சரி. ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவது தப்பு அண்ணாச்சி. தப்பிலேயே பெரிய தப்பு. நாம் எழுதிய பொய்யை நம்பித் தட்டில் எடுத்துவைத்ததைத் தவிர அந்த அம்மா ஒன்றும் செய்யவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடிக்கப் போனேன். மூடியைத் திறந்துவிட்டேன், நுனி தாளைத் தொடப்போனது. அப்போது நீங்கள் ஞாபகம் வந்தீர்கள். டேக்கில் அடித்தல் திருத்தல் கூடாது. நான் அடித்தால் அது அண்ணியின் மனசிலிருந்து அழிந்துவிடுமா? எழுதியவரே வேறொன்று எழுதினால்தான் உண்டு.

அதனால் சாயங்காலம் போகப்போகிறேன். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவேன். கதவைத் திறந்தால், வேறு டேக் எழுதித் தாருங்கள் அண்ணி, அதில் இரண்டு பெயர் போதும் என்று கேட்பேன். திறக்காவிட்டால் நாளைக்கும் போவேன், நாளை மறுநாளும் போவேன். அதைக் கேட்கவாவது எனக்கு வாய் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இல்லாமல் போன வாய்.

டப்பாவிலிருந்து அவிழ்த்து அதை எடுத்துவைத்திருக்கிறேன். அண்ணி மாற்றி எழுதித் தருகிறவரைக்கும், தப்பான டேக் ஒன்று என் சட்டைப்பையில் இருக்கும், அண்ணாச்சி.